மாட்டுக்கு வந்தது மாட்டோடு போகுமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

“மாட்டுக்கு வந்தது மாட்டோடு போகும், ஆட்டுக்கு வந்தது ஆட்டோடு போகும், நமக்கென்ன?” இந்தப் பேச்சைக் கேளாமல் கிராமத்தில் வளர்ந்தவர் எவரும் இருக்க முடியாது. வெறிநாய்க்கடி ஒன்றைத்தான் நம்மவர் விதிவிலக்காக வைத்திருக்கிறார்கள். மற்றபடி ஒவ்வோர் உயிரினத்திற்கும் அதற்கென்று எழுதி வைத்த நோய்கள் உண்டு, அவை வேலி தாண்டா என்பது பொதுவான நம்பிக்கை. படித்தவர்களும் இதைத்தான் வேறு சொற்களில் சொல்கிறார்கள். “இனத் தடை” என்றதும் ஏதோ கருங்கல் மதில் ஒன்று மனிதனுக்கும் விலங்குக்கும் நடுவே நிற்பதுபோல நமக்குத் தோன்றிவிடுகிறது.

அப்படி ஒரு மதில் இல்லை என்பதே என் கருத்து. இருப்பது ஒரு புரதத்தின் மேற்பரப்பில் உள்ள சில மேடு பள்ளங்கள்தாம். இதைச் சொல்ல நான் எங்கோ தொலைவுக்குப் போகப் போவதில்லை. நம் வீட்டுக் குழந்தைகளுக்கு வரும் மணல்வாரி அம்மையையே எடுத்துக்கொள்கிறேன்.

மணல்வாரி எனப்படும் தட்டம்மை மனிதனுக்கே உரிய நோய் என்று நாம் எண்ணுகிறோம். இன்றைய நிலையில் அது உண்மையும்கூட. ஆனால் அந்த வைரசின் மிக நெருங்கிய உறவினன் யார் தெரியுமா? மாடுகளைக் கொன்று குவித்த வெக்கை நோயின் வைரஸ்! 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், 1912-இல் பெர்லினில் தட்டம்மையால் இறந்த குழந்தை ஒன்றின் நுரையீரலைப் பதப்படுத்தி வைத்திருந்ததிலிருந்து வைரசின் மரபுச் செய்தியைப் படித்தார்கள். அதை மற்ற வைரஸ்களோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டபோது, தட்டம்மை வைரசும் வெக்கை வைரசும் ஏறத்தாழ கி.மு. 6-ஆம் நூற்றாண்டளவில் பிரிந்திருக்கலாம் என்று தெரிந்தது. ஒரே இடத்தில் இரண்டரை லட்சம் முதல் ஐந்து லட்சம் பேர் வரை வாழ்ந்தால்தான் தட்டம்மை அணையாமல் எரிந்துகொண்டே இருக்க முடியும். அத்தகைய நகரங்கள் தோன்றிய காலமும் அதுவே. ஆக, மாட்டுக்கு வந்தது மாட்டோடு போகவில்லை. மாட்டை விட்டு இறங்கி நம் தொட்டிலில் ஏறிக்கொண்டது. அம்மை என்று நாம் வேப்பிலை கட்டி வணங்கியது ஒரு காலத்தில் தொழுவத்து நோயாக இருந்தது.

இந்தக் குடும்பம் பெரியது. மனிதனுக்குத் தட்டம்மை, மாட்டுக்கு வெக்கை, ஆட்டுக்கு ஆட்டுக்கொல்லி நோய், நாய்க்கு டிஸ்டெம்பர், கடல்நாய்க்கும் திமிங்கலத்துக்கும்கூட ஒவ்வொன்று. இவற்றை எல்லாம் மார்பில்லி வைரஸ்கள் என்று ஒரே இனமாகச் சேர்த்திருக்கிறார்கள்.

இனி, வைரஸ் ஒரு செல்லை எப்படி அடையாளம் காண்கிறது என்பதைப் பார்ப்போம். வைரசுக்குக் கண் இல்லை, மூக்கு இல்லை, “இது ஆடு, இது ஆள்” என்று அறியும் அறிவும் இல்லை. அதன் உறையில் எச் என்றொரு புரதம் நீட்டிக்கொண்டிருக்கிறது. செல்லின் மேலுள்ள ஒரு புரதத்தில், அதாவது ஏற்பியில், அந்த எச் போய்ப் பொருந்தினால், பக்கத்திலே காத்திருக்கும் எஃப் என்ற இன்னொரு புரதம் விசைபோல விடுபட்டு, வைரசின் உறையையும் செல்லின் சவ்வையும் ஒன்றாக இணைத்துவிடுகிறது. உள்ளே நுழைந்தாயிற்று! பொருந்தவில்லை என்றால் வைரஸ் வெறும் தூசி. அவ்வளவுதான் செய்தி.

பாடநூல் இதைப் பூட்டும் சாவியும் என்கிறது. எனக்கு அந்த உவமையில் மனநிறைவில்லை. பூட்டு ஒன்று திறக்கும், அல்லது திறக்காது. ஏற்பி அப்படியன்று. தாய் இறந்த குட்டியை வேறோர் ஆட்டிடம் ஊட்ட விடுவதற்கு எங்கள் ஊரில் ஒரு வழி செய்வார்கள். அந்த ஆட்டின் சொந்தக் குட்டியின் வாடையை இந்தக் குட்டியின் மேல் தடவிவிடுவார்கள். ஆடு முகர்ந்து பார்க்கும், தயங்கும், முட்டும், பிறகு ஒருவாறு நின்று பால் கொடுக்கும். முழுதும் ஒத்திருக்க வேண்டியதில்லை, ஓரளவு ஒத்திருந்தால் போதும். வைரசும் ஏற்பியும் பொருந்துவது இந்த வகையைச் சேர்ந்தது. அதில் நன்றாகப் பொருந்துதல், சுமாராகப் பொருந்துதல், தொட்டும் தொடாமலும் பொருந்துதல் என்று பல படிகள் உண்டு. இந்தப் படிகளில்தான் ஆபத்து முழுவதும் ஒளிந்திருக்கிறது.

மார்பில்லி வைரஸ்களின் நுழைவாயிலுக்கு ஸ்லாம் என்று பெயர். நம் நோய் எதிர்ப்புச் செல்கள் ஒன்றோடொன்று கைகுலுக்கிக்கொள்ள வைத்திருக்கும் புரதம் அது. வைரசுக்காக எந்தச் செல்லும் ஏற்பி வைத்திருப்பதில்லை, நம் சொந்தத் தேவைக்கு வைத்திருப்பதை அது பயன்படுத்திக்கொள்கிறது. அதனால்தான் நினைத்த மாத்திரத்தில் ஏற்பியை மாற்றிவிடவும் உடலால் முடிவதில்லை. காவலர்கள் கைகுலுக்கும் கையையே பற்றிக்கொண்டு உள்ளே வருபவனை என்ன செய்வது? தட்டம்மை வந்த குழந்தை அதன்பின் பல மாதங்கள் வேறு நோய்களால் அல்லலுறுவதற்கும் இதுவே காரணம். பழைய நோய்களை நினைவில் வைத்திருக்கும் செல்களின் மேலும் ஸ்லாம் இருக்கிறது. தட்டம்மை அவற்றை அழிக்கிறது. 2019-இல் வெளியான ஆய்வொன்று, தடுப்பூசி போடாத குழந்தைகளிடம் முன்பே இருந்த பலவகை எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை தட்டம்மைக்குப் பின் காணாமற்போனதைக் காட்டியது.

இந்த ஸ்லாமைக் கண்டுபிடித்த வரலாறு எனக்கு மிகவும் பிடித்த கதை. ஆய்வுக்கூடத்தில் பயிலும் நாம் எல்லோரும் அறிய வேண்டியதும்கூட. 1954-இல் அமெரிக்காவில் எண்டர்ஸ், பீபிள்ஸ் என்ற இருவர் தட்டம்மை வைரசை முதன்முதலாகச் செல் வளர்ப்பில் பிரித்தெடுத்தனர். அதற்கு எட்மன்ஸ்டன் வகை என்று பெயர். தடுப்பூசி அதிலிருந்துதான் பிறந்தது. உலகெங்கும் ஆய்வாளர்கள் அந்த வகையையே வளர்த்து வளர்த்து ஆராய்ந்தார்கள். 1993-இல், சி.டி.46 என்ற புரதமே தட்டம்மையின் ஏற்பி என்று இரண்டு குழுக்கள் அறிவித்தன. எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ஒரு முரண்பாடு உறுத்திக்கொண்டே இருந்தது. சி.டி.46 நம் உடலில் சிவப்பணு நீங்கலாக ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் இருக்கிறது. நோயாளியின் தொண்டையிலிருந்து நேரே எடுத்த வைரசோ எல்லாச் செல்களிலும் வளர மறுத்தது. 1990-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், மார்மோசெட் என்ற சிறு குரங்கின் ஒருவகை நிணநீர்ச் செல்லில் மட்டும் அது செழித்து வளர்வதைக் காட்டியிருந்தார்கள். அந்தச் சிறு துப்பைப் பற்றிக்கொண்டு போய், 2000-ஆம் ஆண்டில் கியூஷு பல்கலைக்கழகத்து யானகி குழுவினர் உண்மையான வாயிலாகிய ஸ்லாமைக் கண்டார்கள்.

நடந்தது என்ன? ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவையில் ஆண்டுக்கணக்காக வளர்ந்த வைரஸ், அங்கே கிடைத்த சி.டி.46-ஐப் பயன்படுத்தப் பழகிக்கொண்டது. பழகிய வைரசைப் பார்த்து, இதுதான் வைரசின் இயல்பு என்று உலகம் ஏழாண்டுகள் நம்பியது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வைரஸ் புதிய ஏற்பியைக் கற்றுக்கொள்ளும்! காட்டில் நடந்தாலும் குடுவையில் நடந்தாலும் அது கற்றல்தான்.

அடுத்த ஆண்டே, அதாவது 2001-இல், அதே குழுவினர் இன்னொரு சோதனையைச் செய்தார்கள். மனிதனின் ஸ்லாம், நாயின் ஸ்லாம், மாட்டின் ஸ்லாம் மூன்றையும் தனித்தனியே செல்களில் ஏற்றி, தட்டம்மை, டிஸ்டெம்பர், வெக்கை ஆகிய மூன்று வைரஸ்களையும் விட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலானவை தம் சொந்த விலங்கின் ஸ்லாமை மட்டுமன்றி அயல் விலங்கின் ஸ்லாமையும் ஓரளவு பயன்படுத்தின. திறன்தான் கூடிற்று, குறைந்தது. மதில் என்று நாம் நினைத்தது திறன் குறைவு மட்டுமே! ஆட்டு உவமையை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

வைரசுக்கு இரண்டாவது கதவு ஒன்றும் வேண்டும். உள்ளே வந்து பெருகியபின் மூச்சுக் குழாய் வழியாக வெளியேறினால்தானே அடுத்தவரைத் தொற்ற முடியும்? அதற்கு எபிதீலியச் செல்களிலுள்ள நெக்டின்-4 என்ற புரதத்தைப் பிடிக்கிறது. இது 2011-இல் தெரியவந்தது. நெக்டின்-4 பாலூட்டிகளிடையே பெரிதும் மாறாமல் இருக்கிறது, ஸ்லாம்தான் இனத்துக்கு இனம் சற்று வேறுபடுகிறது. வெளியே போகும் கதவு எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்க, உள்ளே வரும் கதவு மட்டும் மாறுபடுகிறது என்று பொருள்.

இது வெறும் குடுவைக் கதையா? இல்லை. 1994-இல் தான்சானியாவின் செரெங்கெட்டிக் காட்டில் நாய்களின் டிஸ்டெம்பர் வைரஸ் சிங்கங்களைத் தாக்கி, அங்கிருந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கை மாய்த்தது. 2006-இல் சீனத்தின் குவாங்சிப் பகுதியில் ஒரு குரங்குப் பண்ணையில் ஆயிரக்கணக்கான குரங்குகள் அதே வைரசுக்கு ஆளாயின. 2018-இல் நம் நாட்டுக் கிர் காட்டிலே சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட ஆசியச் சிங்கங்கள் இறந்தபோது, சிலவற்றின் உடலில் இதே வைரஸ் இருந்தது. நாய், சிங்கம், குரங்கு. அடுத்த படி யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2013-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் டிஸ்டெம்பர் வைரசை மனித ஸ்லாம் உள்ள செல்களில் வளர்த்துப் பழக்கினார்கள். ஏறத்தாழ அறுநூறு அமினோ அமிலங்கள் கொண்ட எச் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதும் அது மனித ஸ்லாமைப் பிடித்துக்கொண்டது. 2018-இல் ஆட்டுக்கொல்லி வைரசின் எச் புரதத்திலும் ஒரே ஒரு மாற்றம் போதும் என்று செல் அளவில் காட்டினார்கள். அறுநூறு பக்கப் புத்தகத்தில் ஒரு பக்கம்கூட அன்று, அறுநூறு எழுத்தில் ஓர் எழுத்து!

இதை வகுப்பில் சொன்னபோது நண்பன் ஒருவன் மடக்கினான்: “ஓர் எழுத்து மாறினால் போதுமென்றால் இத்தனை காலமாக ஆட்டுக்கறி தின்கிற நமக்கு ஏன் ஆட்டுக்கொல்லி வரவில்லை?” நல்ல கேள்வி. இதற்கு விடை சொல்லாமல் மேலே போனால் நான் பீதி கிளப்புகிறவன் ஆவேன். ஆட்டுக்கொல்லி நோய் மனிதருக்கு வந்ததாக இதுவரை ஒரு பதிவும் இல்லை.

விடையின் ஒரு பாதியை நான் எங்கள் வீட்டிலேயே கண்டிருக்கிறேன். 2021-இல், நான் பதினொன்றாம் வகுப்புப் படிக்கையில், எங்கள் பட்டியில் ஆட்டுக்கொல்லி புகுந்தது. தடுப்பூசி முகாம் நடந்த நாளில் அப்பா ஆடுகளை மேய்ச்சலுக்கு அடுத்த ஊர்ப் பக்கம் ஓட்டிப் போயிருந்தார். கண்ணில் பீளை, மூக்கில் சளி, வாயெல்லாம் புண், பிறகு கழிச்சல். பத்து நாளில் பதினான்கு ஆடுகளில் ஒன்பது போயின. பட்டணத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்களைப் போன்ற வீட்டில் ஆடு என்பது வங்கிக் கணக்கு. பள்ளிக் கட்டணம், அக்காளின் பிரசவச் செலவு, என் கல்லூரிச் சேர்க்கை எல்லாம் கிடாக் குட்டிகளின் பெயரில் எழுதப்பட்டிருந்தன. மிஞ்சிய ஐந்தில் மூன்றை விற்றுத்தான் நான் இந்தக் கல்லூரி வாயிலை மிதித்தேன். எங்கள் குலத்தில் கல்லூரி மிதித்த முதல் ஆள் நான்.

அப்போது அம்மா ஒன்றைக் கவனித்துச் சொன்னார்: “பசு பக்கத்துலயேதான கட்டிக் கெடக்குது, அதுக்கு ஒண்ணுமே வரலியே?” அதைப் புத்தகத்தில் தேடியபோது வியந்துபோனேன். ஆட்டுக்கொல்லி வைரஸ் மாட்டினுள் நுழையும். மாட்டின் இரத்தத்தில் எதிர்ப்பொருளும் உண்டாகும். ஆனால் மாடு பொதுவாக நோயுறுவதில்லை, அடுத்ததற்குப் பரப்புவதும் இல்லை. கதவு திறப்பது வேறு, வீட்டைக் கைப்பற்றுவது வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? செல்லுக்குள்ளே இன்டர்ஃபெரான் முதலிய காவல்கள் இருக்கின்றன. அவற்றை அடக்கும் புரதங்கள் வைரசிடம் உண்டு, ஆனால் அவையும் இனத்துக்கேற்பப் பொருந்த வேண்டும். எனவே ஏற்பி ஒன்றே எல்லாம் என்று நான் சொல்லவில்லை. முதற்கதவு அது. அந்த முதற்கதவு நாம் நினைப்பதைவிட மெலிந்தது என்றே சொல்கிறேன்.

விடையின் மறுபாதிதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. டிஸ்டெம்பரும் ஆட்டுக்கொல்லியும் நம்மை அண்டாதிருப்பதற்கு ஒரு காரணம், நம் உடலில் ஏற்கெனவே தட்டம்மைக்கான எதிர்ப்பு இருப்பது. உறவுக்கார வைரஸ்கள் அல்லவா? ஒன்றுக்கு எழுந்த எதிர்ப்பு மற்றொன்றையும் ஓரளவு தடுக்கும். இதை மருத்துவர்கள் முன்பே பயன்படுத்தியும் இருக்கிறார்கள். நாய்க்குட்டிகளுக்கு டிஸ்டெம்பர் வராமலிருக்க மனிதத் தட்டம்மைத் தடுப்பூசியைப் போட்டார்கள். ஆடுகளுக்கு ஆட்டுக்கொல்லி வராமலிருக்க மாட்டு வெக்கைத் தடுப்பூசியைப் போட்டார்கள். 2014-இல், தட்டம்மைத் தடுப்பூசி போட்ட குரங்குகளுக்கு டிஸ்டெம்பரிலிருந்து ஓரளவு காப்பு கிடைப்பதும் தெரிந்தது.

இப்போது வெக்கை நோயை நினைத்துப் பாருங்கள். நம் முக்தேசுவர் ஆய்வுக்கூடத்தில் எட்வர்ட்ஸ் என்பவர் 1920-களில் மாட்டு வைரசை ஆடுகளின் வழியே திரும்பத் திரும்பச் செலுத்திப் பழக்கித் தடுப்பூசி கண்டார். பின்னர் கென்யாவில் பிளவ்ரைட் செல் வளர்ப்பில் அதைவிடச் சிறந்ததைச் செய்தார். இந்தியாவில் கடைசி வெக்கை நோய் 1995-இல், நம் தமிழகத்தில் பதிவாயிற்று. 2011-இல் உலகிலிருந்தே அது ஒழிந்தது. பெரியம்மைக்குப் பிறகு மனிதன் அடியோடு ஒழித்த இரண்டாவது நோய் அது ஒன்றே. பெருமைப்பட வேண்டிய செயல். ஒழிந்ததை உறுதி செய்வதற்காக வெக்கைத் தடுப்பூசியை நிறுத்தினார்கள். அது சரியே. ஆனால் அதோடு ஆடுகளுக்கு அதன் வழியே கிடைத்த துணைக் காப்பும் நின்றது. ஆட்டுக்கொல்லிக்கென்று தனி ஊசி தேவைப்பட்டது. அந்த நோய் இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது எங்கே என்று கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. 1987-இல், இன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் அரசூரில்! அந்த ஊரின் பெயரையே தாங்கிய “அரசூர் 87” என்ற வைரஸ் வகையிலிருந்து நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் தடுப்பூசி செய்திருக்கிறார்கள்.

நாளை தட்டம்மையையும் உலகம் ஒழிக்கட்டும், நானும் மகிழ்வேன். அன்று “நோய்தான் இல்லையே, இனி ஊசி எதற்கு?” என்று ஒரு குரல் எழும். அப்போது தட்டம்மை எதிர்ப்பு இல்லாத ஒரு தலைமுறை வளரும். தெருநாய்கள் அதே தெருவில்தான் இருக்கும், டிஸ்டெம்பர் அவற்றினிடையே இருக்கும், எழுத்து ஒன்றுதான் மாற வேண்டும். இது என் கற்பனை அன்று, இத்துறை அறிஞர்கள் எழுப்பியிருக்கும் கேள்வியே. அவர்கள் கேள்வியாக விட்டதை நான் கருத்தாகவே சொல்கிறேன்: தட்டம்மை ஒழிந்தாலும் ஊசியை உடனே நிறுத்தலாகாது. நாய்க்கும் ஆட்டுக்கும் போடும் ஊசியைக் குழந்தைக்குப் போடும் ஊசியிலிருந்து வேறான சிறு காரியமாக நினைக்கலாகாது.

ஊசி வேண்டாம் என்ற குரல் எதிர்காலத்துக்கு உரியது மட்டுமன்று. 2017 பிப்ரவரியில் நம் மாநிலத்தில் பள்ளிதோறும் தட்டம்மை-ருபெல்லா ஊசி போட்டபோது, கைப்பேசிகளில் வதந்தி பறந்தது. ஆறாம் வகுப்பில் என் பெஞ்சில் நாங்கள் ஐந்து பேர், அன்று வந்தது இரண்டு பேர். என்னை அனுப்பலாமா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு வந்தபோது அம்மா முடித்து வைத்தார்: “ஆட்டுக்கே தேடிப்போயி ஊசி போடுறோம், புள்ளைக்குப் போட மாட்டமா?” அம்மாவுக்கு ஸ்லாம் தெரியாது, எச் புரதம் தெரியாது. ஆனால் ஆட்டையும் பிள்ளையையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பேசினார். நம் பாடத்திட்டம் அதைச் செய்யவில்லையே! நம்முடைய தாளில் வைரஸ் ஓர் அலகு, கால்நடை நோய் ஒரு விருப்பப் பாடம், மனித நோய் எதிர்ப்பியல் மூன்றாம் ஆண்டில். மூன்றையும் ஒரே பலகையில் எழுதிக் காட்டும் ஒரு வகுப்பு இல்லை. பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும், இது குறை சொல்வதற்காக அன்று.

உலக உணவு வேளாண்மை நிறுவனமும் உலக விலங்கு நல அமைப்பும் 2030-க்குள் ஆட்டுக்கொல்லியை ஒழிப்பதென்று 2015-இல் இலக்கு வைத்தன. நாள் அதிகம் இல்லை. அதில் நம் கல்லூரிக்கும் ஒரு பங்கு இருக்கலாம். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுதோறும் ஏழு நாள் முகாம் போகிறோம். கோயில் வளாகத்தைப் பெருக்குகிறோம், மரக்கன்று நடுகிறோம். அடுத்த முகாமில் இரண்டு நாளை ஒதுக்கி, கால்நடை மருத்துவரை அழைத்து, காலையில் ஆடுகளுக்கு ஊசி, மாலையில் அதே தெருவில் குழந்தைகளின் தடுப்பூசி அட்டையைச் சரிபார்த்தல் என்று வைத்துக்கொள்ளலாமே! மேய்ச்சலுக்குப் போகும் முன், அதாவது காலை ஏழு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். எட்டு மணிக்கு மேல் போனால் பட்டியில் குட்டிகள்தாம் இருக்கும். ஆடு பிடிக்கத் தெரியாதே என்று விலங்கியல் மாணவர்கள் எவரும் தயங்க வேண்டாம், நான் கற்றுத் தருகிறேன்.